கெட்டி ரத்தம்

எங்கள் வீட்டில் தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சுவது என் வேலை. அண்ணன் தறியில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். எனக்கு ஒரே இடத்தில் அரை மணி உட்கார்ந்தால் உடம்பெல்லாம் ஊறும். அதனால் அவர் நெய்தார், நெசவுக்கு முன்னும் பின்னுமான வேலைகளை நான் பார்த்தேன். ராசிபுரத்தில் எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தேய்த்து உலர்த்துவோம். கஞ்சி நீர்த்துப்போனால் தறியில் நூல் பொட்டுப் பொட்டென்று அறும். பதம் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. ஒரு சொட்டுக் கஞ்சியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கி, மெல்லப் பிரிக்க வேண்டும். நடுவில் ஒரு இழை அறாமல் நின்றால் கஞ்சி கெட்டி, சட்டியை இறக்கிவிடலாம். தெருவில் பாதிப் பேர் பதம் பார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் தலைக்கனம் உண்டு. இருபத்தாறு வயதில் தலைக்கனம் கொள்வதற்கு என்னிடம் வேறொன்றும் இல்லை. அந்தத் தலைக்கனத்துக்கு நான் கொடுத்த விலை என் அண்ணன். இப்படிச் சொன்னால் மிகையாகத் தோன்றும், அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். அவருக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. அந்தக் குறையை அண்ணி என்னை அதட்டுவதில் தீர்த்துக்கொண்டார். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நூல் பங்கீட்டில்தான் கிடைக்கும், கிடைத்த நூலுக்குள் தறி ஓட வேண்டும். அப்போதுதான் அண்ணனுக்கு ஓயாத தாகம் எடுத்தது. ஒரு பானைத் தண்ணீரைத் தறிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்தார். கொல்லையில் அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை அண்ணிதான் முதலில் பார்த்தார். வைத்தியர் நீரிழிவு என்றார். அண்ணன் அதற்கும் சிரித்தார். தன்னை எறும்பாவது மதிக்கிறதே என்பார். மனிதர் எதையும் சிரித்தே கடத்திவிடுவார்.

குழித்தறியில் உட்காருகிறவரின் கால்கள் குழிக்குள் இருக்கும். மிதியை அழுத்தும்போது கால் நழுவாமல் இருக்க, மிதியில் கட்டிய கயிற்று முடிச்சைப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கவ்விக்கொள்வது அண்ணனின் பழக்கம். இருபது வருஷத்துப் பழக்கத்தில் அந்த இடம் காய்த்துப்போயிருந்தது. நீரிழிவு வந்த பிறகு பாதம் மரத்துப்போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முடிச்சு உராய்ந்து தோல் கிழிந்ததும் அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட எழுந்து வந்தபோது, சாணி மெழுகிய தரையில் வலது காலடி மட்டும் ஈரமாகப் பதிந்துகொண்டே வந்தது. தண்ணீரை மிதித்துவிட்டு வருகிறார் என்று அண்ணி திட்ட ஆரம்பித்தார். குனிந்து தொட்டுப் பார்த்தார், அது தண்ணீர் இல்லை.

ஒரு மாதம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினோம். மேலே ஆறுவதுபோல் இருக்கும், இரண்டு நாளில் பக்கத்தில் வாய் திறக்கும். பிறகு காய்ச்சல் வந்தது. அதற்கு மேல் வைத்தியர் தன்னால் ஆகாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். சேலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அண்ணனைச் சம்மதிக்க வைப்பதற்குள் எங்கள் இருவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு ஒரே பயம்தான். விரலை எடுத்துவிடுவார்கள், விரல் போனால் மிதி போகும், மிதி போனால் தறி போகும். வேறு வேலை அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

டாக்டர் நல்ல மனிதர். வேறு சீமைக்காரர், எங்கள் பேச்சு அவருக்குப் பாதி புரியாது, ஆனால் பொறுமையாகத் திருப்பிக் கேட்பார். புண்ணை அழுத்திப் பார்த்தார், கணுக்காலில் விரலை வைத்து நாடி தேடினார், ரொம்ப நேரம் தேடினார். பிறகு கத்தி வைக்க வேண்டியிருந்தால் ரத்தம் உறைகிறதா என்று முன்னாலேயே பார்த்துவிடுவது தன் வழக்கம் என்று சொல்லி, அண்ணனின் விரல் நுனியில் ஊசியால் குத்தினார். ஊசிபோல மெல்லிசான ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தம் தானாக ஏறியது. கடிகாரத்தைப் பார்த்தபடி, அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தக் குழாயின் நுனியைச் சின்னச் சின்னத் துண்டாக ஒடித்தார். ஒடித்த துண்டை மெதுவாக விலக்கிப் பார்ப்பார். முதல் துண்டு சும்மா வந்தது. இரண்டாவதும் அப்படியே. நாலாவது துண்டை விலக்கியபோது இரண்டு முனைகளுக்கும் நடுவே சிவப்பாக ஒரு இழை நின்றது.

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அறையில் அந்த இழையின் அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான் என்பதுபோல இருந்தது எனக்கு. நான் தினமும் அதிகாலையில் இரண்டு விரலுக்கு நடுவே தேடுகிற அதே இழை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக டாக்டர் என் விரலையும் குத்தினார். என் ரத்தம் லேசில் மசியவில்லை. துண்டு துண்டாக ஒடித்துக்கொண்டே போனார், குழாய் தீரப்போகிற சமயத்தில்தான் இழை நின்றது. அண்ணன் காய்ச்சலோடு சிரித்தார்.

"உன்றது தண்ணிக் கஞ்சி சாமி," என்றார். "ஊருக்கெல்லாம் பதம் சொல்ற ஆளு."

அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. அதனால்தான் எனக்குப் புரியவில்லை என்று தப்பித்துக்கொள்ள முடிவதில்லை.

"இந்த ரத்தம் ரொம்ப சீக்கிரம் உறையுது. உறைய வேண்டியது புண்ணுக்கு வெளியில. சக்கரையும் சீழும் சேர்ந்தா சில பேருக்கு உள்ளே ரத்தக் குழாயிலேயே உறைஞ்சுபோகும். அப்புறம் காலுக்கு ரத்தமே போகாது, கால் செத்துடும். இப்ப பெருவிரலை எடுத்தா காலைக் காப்பாத்தலாம். நாளைக்கே சேர்த்துடுங்க."

அதுவரை போடச் சொல்லி அவர் கொடுத்த களிம்பை வாங்கிக்கொண்டு, நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் அண்ணன் கால்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி பக்கத்தில் நின்றார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டது அண்ணி. ஆனால் அண்ணனின் முகத்தைத்தான் நான் பார்த்தேன். மாதக்கணக்கில் இல்லாத தெளிச்சி அதில் இருந்தது. குழாயில் அந்த இழையைப் பார்த்த சந்தோஷம் இன்னும் இறங்கவில்லை.

"ரத்தம் ரொம்பக் கெட்டியாமுங்க அண்ணா," என்றேன். "புண்ணு சீக்கிரம் கூடிக்குமாம். களிம்பு குடுத்திருக்காரு, போட்டுப் பாத்துட்டு வரச் சொன்னாரு."

விரலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னை நானே கேட்காத வருஷம் இல்லை. அண்ணன் முகம் வாடுவதைப் பார்க்கத் தைரியம் இல்லை என்பது ஒன்று. இன்னொன்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை. இழை நிற்கிற கஞ்சி எப்படிக் கெட்டதாகும், அதைக் கஞ்சி காய்ச்சுகிறவனிடமே சொல்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம் இருந்தது. அவ்வளவு சீக்கிரம் இறுகுகிற ரத்தம் அந்தப் புண்ணை ஒட்டாமல் விடுமா என்று நினைத்தேன். நாலு நாள் பார்ப்போம், ஆறாவிட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு தவணையும் வைத்துக்கொண்டேன்.

அந்த நாலு நாள் பதினோரு நாளாயிற்று. அந்தப் பதினோரு நாளும் எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. அண்ணி களியைக் கிண்டிக்கொண்டே, கெட்டி ரத்தக்காரருக்கு முதல் உருண்டை, தண்ணி ரத்தக்காரருக்கு மிச்சம் என்று பரிமாறுவார். பாவுக்காரர்கள் வந்தால் அண்ணன் கண்ணாடிக் குழாய்க் கதையைச் சொல்லி, என் விரலைப் பிடித்து உயர்த்திக் காட்டுவார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். புண் வலிக்கவே இல்லை என்பது எங்களுக்கு நல்ல சேதியாகப் பட்டது. வலிக்காத புண்ணைக் கண்டுதான் பயப்பட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை என்று எழுதத் தோன்றுகிறது. எச்சரித்த டாக்டர் ஒருவர் இருந்தார், அவர் பேச்சை நான் வீட்டுக்குள் விடவில்லை, அவ்வளவுதான்.

பதினோராம் நாள் காலையில் களிம்பு போடக் கட்டை அவிழ்த்தேன். பெருவிரல் கறுத்திருந்தது. அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. அடுத்த விரலின் நுனியும் நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு பாதங்களையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தேன். இடது கால் காய்ச்சலில் கொதித்தது. வலது கால் தறிக்குழி மண்போலச் சில்லென்று இருந்தது. கெண்டைச்சதையில் கயிறுபோல ஏதோ ஒன்று உள்ளே ஓடுவது கைக்குத் தட்டுப்பட்டது. அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அன்றைக்கே சேலத்துக்குப் பஸ் ஏறினோம். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் அது. மல்லூர் மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அண்ணி கூடத் தள்ளினார். ஒரு ஆள் மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று யாரோ கிண்டல் பண்ணினார்கள். அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மன்னிக்கச் சொல்லிக் கும்பிட்டார். பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கும்பிட்ட கை தெரிந்தது. குனிந்து தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். முழங்கால் வரைக்கும் விரலால் தட்டிக்கொண்டே போனார். முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், இன்றே எடுக்க வேண்டும் என்றார். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நான் சொன்னதை இவர்கிட்ட சொன்னீங்களா? விரலை எடுக்கணும், நாளைக்கே வந்து சேருங்கன்னு சொன்னேனே."

அண்ணி என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஒரு கணம் திகைப்புத்தான் இருந்தது, பிறகு எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"சொன்னானுங்க," என்றார் டாக்டரிடம். "நாந்தானுங்க ஒத்துக்கல. வெரல எடுத்தா தறில உக்கார முடியாதுன்னு அடம் புடிச்சேன். பொம்பளைக்குத் தெரிய வேண்டாம்னு அவனையும் தடுத்துப்போட்டேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு எழுதப் போய்விட்டார். அண்ணியின் பார்வை என்னை விட்டு அண்ணன்மேல் திரும்பியது. அன்றைக்குத் திரும்பியதுதான்.

காலை எடுத்தார்கள். அண்ணன் பிழைத்துக்கொண்டார். கப்பல் வராத காலத்தில் எங்கிருந்தோ ஊசி மருந்து வரவழைத்துச் சர்க்கரையை இறக்கினார் டாக்டர். வெட்டிய இடத்தில் வெள்ளைப் பொடி தூவிக் கட்டினார்கள், சீழ் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் அண்ணி துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில் நான் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என்னைச் செருப்பால் அடிக்கட்டும் என்றேன். அவர் என் தலையில் கையை வைத்தார்.

"வேண்டாஞ் சாமி," என்றார். "நான் எத்தன நாளுக்கோ. நாளைக்கு உன்ற கையிலதான் அவ சோறு திங்கோணும். எம்மேல கோவமா இருந்தா ஒண்ணும் கெட்டுப்போகல, உம்மேல கோவமா இருந்தா அவ எங்க போவா?"

பிறகு, நான் சொல்லியிருந்தாலும் தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கப்போவதில்லை என்றார். அது பொய். நாங்கள் இரண்டு பேர் பிடித்துத் தள்ளியிருந்தால் வந்திருப்பார். முதல் தடவையும் அப்படித்தானே வந்தார்.

பதினெட்டாம் நாள் காலை அவரை நிற்க வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே இடது கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. படுத்தே கிடந்ததால் இருக்கும் என்று அண்ணன் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னாராம், எங்களிடமோ டாக்டரிடமோ சொல்லவில்லை. வார்டு ஆள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு அண்ணன் நின்றார். தறிக்கு ஒரு மிதி போதும்படி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். செய்யலாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொன்றை மிதிக்கிறேன் என்றேன். நீயாவது ஒரே இடத்தில் உட்காருவதாவது என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு தப்படி வைத்தார். மூச்சுப் பிடிக்கிறது என்றார். என் தோளில் அவர் கை இறுகியது, பிறகு முழுப் பாரமும் என்மேல் சரிந்தது. வார்டு ஆள் கட்டிலில் கிடத்துவதற்குள் முகம் நீலமாகிவிட்டது. அண்ணி வாசலில் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றார்.

காலில் உறைந்த கட்டி கிளம்பிப்போய் நெஞ்சில் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். காய்ச்சலும் சீழும் முற்றவிடாமல் அன்றைக்கே வந்திருந்தால் ரத்தம் இந்த அளவுக்குப் போயிருக்காது என்று தான் நினைப்பதாகவும், உறுதியாகச் சொல்ல முடியாதென்றும் சொன்னார். அவர் அண்ணியிடம்தான் அதைச் சொன்னார். அண்ணி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, செம்பைக் கீழே வைத்தார்.

அண்ணி அதற்குப் பிறகு முப்பது வருஷம் என் வீட்டில் இருந்தார். நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன், என் பிள்ளைகளை அவர்தான் வளர்த்தார். அண்ணன் சொன்னபடி என் கையில்தான் சாப்பிட்டார். ஆனால் அண்ணனுக்காக அவர் வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. திதிக்குத் திதி இலை போடுவார், அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைப்பார், முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார். யாராவது அண்ணனின் நல்ல குணத்தைப் பேசினால் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே பேச்சுத்தான் பேசுவார்.

"அந்த மனுசனுக்கு ஒரு வெரலு பெருசாப் போச்சுங்க. நான் பெருசில்ல."

இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் சும்மா இருந்தேன். அண்ணன் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், அவர் வார்த்தையைக் காப்பாற்றுகிறேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். அண்ணியைக் காப்பாற்றச் சொல்லித்தான் அவர் அப்படிச் சொன்னார். நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். என் பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, என்மேல் கோபித்துக்கொண்டாலும் அண்ணிக்குச் சோறு போட அவர்கள் இருந்தபோதாவது சொல்லியிருக்கலாம். என் மனைவியும் பிள்ளைகளும் அவரோடு சேர்ந்து என்னைப் பார்க்கிற பார்வையை நினைத்தேன், வாயை மூடிக்கொண்டேன். மனைவியையே பெரிதாக நினைத்த புருஷன்மேல் அந்தப் பெண் முப்பது வருஷம் காரணமில்லாமல் மனத்தாங்கலோடு இருந்தாள். அதைத் தீர்க்க ஒரு வாக்கியம் போதும், அது என் வாயில் இருந்தது.

கடைசியாக அண்ணி படுத்த வாரம், ஒரு சாயங்காலம் நான்தான் பக்கத்தில் இருந்தேன். நினைவு தெளிவாக இருந்தது. தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார், வைத்தேன்.

"அவரப் போய்ப் பாத்தா மொதல்ல ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்கன்னு கேக்கோணும் தம்பி," என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கால்ல உழுந்தாவது ஒத்துக்க வெச்சிருப்பேன்."

அறையில் வேறு யாரும் இல்லை. அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்ததில்லை, இனி வாய்க்கப்போவதும் இல்லை என்று தெரிந்தது.

"அவரையே கேளுங்க அண்ணி," என்றேன்.

அண்ணன் அங்கேயும் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.